381654729: அடிக்கு அடி வகுபடும் எண்

கேள்வி (ஒரு வாசகர், 11 ஜூன் 2024)

3816547290 என்று ஓர் எண். முதல் இரண்டு இலக்கம் 2ஆல் வகுபடும், முதல் மூன்று 3ஆல், முதல் நான்கு 4ஆல், இப்படியே பத்து வரைக்கும் போகிறது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டார்களாம், இந்தக் குணம் உள்ள எண்களில் பெரியது இதுதானாம், இதற்கு மேல் கிடையாதாம். உண்மையா? எங்கள் வீட்டுப் பெரியவர் இதில் ஏதோ தெய்வ ரகசியம் இருக்கிறது என்கிறார்.

11 ஜூன், இரவு

இரண்டு விஷயம் ஒன்றாகக் கலந்து வந்திருக்கிறது. 1 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கமும் ஒரே ஒரு தடவை வர வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் 381654729 மட்டும்தான் தேறும், இன்னொன்று கிடையாது. கடைசியில் ஒரு 0 சேர்த்தால் நீங்கள் சொன்ன பத்து இலக்க எண். அதுவரை சரி. "இதற்கு மேல் கிடையாது" என்பது மட்டும் தவறு. இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரலாம் என்று விட்டுவிட்டால் இந்தக் குணம் 25 இலக்கம் வரை போகும். அந்தப் பெரிய எண்ணை அப்புறம் போடுகிறேன், முதலில் இதை ஒழுங்காகப் பார்த்துவிடலாம்.

38 = 2 × 19. 381 = 3 × 127. 3816 = 4 × 954. 38165 = 5 × 7633. 381654 = 6 × 63609. 3816547 = 7 × 545221. 38165472 = 8 × 4770684. 381654729 = 9 × 42406081. நான் சொன்னேன் என்று நம்ப வேண்டாம், ஒரு தாளை எடுத்து நீங்களே வகுத்துப் பாருங்கள்.

12 ஜூன்

பெரியவரின் பேச்சு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அவரை மறுக்க எனக்கு ஆசை இல்லை, ஆனால் "ரகசியம்" என்றால் திறந்து பார்க்க முடியாதது என்று ஆகிவிடும். இந்த எண்ணைத் திறந்து பார்க்கலாம், அதுவும் கம்ப்யூட்டர் இல்லாமலே. குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கொழுந்துக் கணக்கு எழுதுகிறேன், சாயங்காலம் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஜூன் மாதம் என்றால் இங்கே மழையும் காற்றும், ஏதாவது ஒரு மரம் கம்பி மேல் விழுந்தால் கரண்ட் அன்றைக்குப் போனதுதான். நேற்றும் அப்படித்தான். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கரும்பலகையில் இதைப் போட்டோம். ஒன்பது இலக்கங்களை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கேட்டால் 3,62,880 விதம். அதை எப்படிக் குறைத்தோம் என்பதை அப்படியே எழுதுகிறேன்.

ஐந்தாவது இடம் முதலில் விழும். ஐந்து இலக்கம் 5ஆல் வகுபட வேண்டும், 0 கிடையாது, ஆகவே அங்கே 5.

2, 4, 6, 8 ஆவது இடங்களில் இரட்டைப்படை இலக்கம்தான் இருக்க முடியும், ஏனென்றால் அந்த இடங்களில் எல்லாம் இரட்டைப்படை எண்ணால் வகுக்கிறோம். இருப்பதும் நான்கு இரட்டைப்படைதான்: 2, 4, 6, 8. அவை அங்கே தீர்ந்துவிட்டன. மீதி இடங்களுக்கு 1, 3, 7, 9.

நாலாவது இடம்: 4ஆல் வகுபடுகிறதா என்பதைக் கடைசி இரண்டு இலக்கமே சொல்லிவிடும். மூன்றாவது இலக்கம் ஒற்றைப்படை. ஒற்றைப்படைக்குப் பின்னால் 4 அல்லது 8 வந்தால் (14, 38, 74) 4ஆல் வகுபடாது, 2 அல்லது 6 வந்தால் வகுபடும். ஆக நாலாவது இடம் 2 அல்லது 6.

எட்டாவது இடமும் இதே கதைதான். 8க்குக் கடைசி மூன்று இலக்கம் பார்க்க வேண்டும், ஆனால் ஆறாவது இலக்கம் இரட்டைப்படை, 200, 400, 600, 800 எல்லாமே 8ஆல் வகுபடும், அதனால் ஏழும் எட்டும் சேர்ந்த இரண்டு இலக்கம் 8ஆல் வகுபட்டால் போதும். ஏழாவது ஒற்றைப்படை என்றால் 16, 32, 72, 96 என்ற நான்கில் ஒன்று. எட்டாவது இடமும் 2 அல்லது 6 என்று ஆகிவிட்டது. 2, 6 இரண்டும் 4, 8 ஆவது இடங்களுக்குப் போனால், 4, 8 இரண்டும் 2, 6 ஆவது இடங்களுக்கு.

இப்போது 3, 6. முதல் மூன்று இலக்கத்தின் கூட்டுத்தொகை 3ஆல் வகுபடும், முதல் ஆறின் கூட்டுத்தொகையும் வகுபடும், அப்படியானால் நடுவில் உள்ள 4, 5, 6 ஆவது இலக்கங்களின் கூட்டுத்தொகையும் வகுபட்டே ஆக வேண்டும். நடுவில் 5. 2+5+8 = 15, 6+5+4 = 15. மற்ற இரண்டும் (2+5+4, 6+5+8) தேறாது. ஆக நடு மூன்று இலக்கம் 258 அல்லது 654. இரண்டே வழி.

258 என்றால் இரண்டாவது இடம் 4, எட்டாவது 6, ஏழாவது 1 அல்லது 9. முதலும் மூன்றும் சேர்ந்து 4ஐக் கூட்டினால் 3ஆல் வகுபட வேண்டும், அதற்கு 1, 7 என்ற ஜோடி மட்டும்தான். மிஞ்சுவது 147258963, 741258963.

654 என்றால் இரண்டாவது 8, எட்டாவது 2, ஏழாவது 3 அல்லது 7. இதில் எட்டு எண் கிடைக்கும்: 189654327, 981654327, 789654321, 987654321, 183654729, 381654729, 189654723, 981654723.

மூன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தது பத்தாகிவிட்டது. இந்தப் பத்தில் 987654321ம் இருக்கிறது என்பதைப் பார்த்ததும் பின் வரிசையில் ஒரு பையன் எழுந்து நின்று கை தட்டினான்.

12 ஜூன், பின்னிரவு

பாக்கி இருப்பது 7 ஒன்றுதான். பத்து எண்ணையும் 7ஆல் சோதிக்கக் குறுக்கு வழி: 7 × 11 × 13 = 1001. அதனால் எண்ணை வலது பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி, ஒன்று விட்டு ஒன்று கூட்டிக் கழித்தால் 7, 11, 13 மூன்றுக்கும் ஒரே சோதனை. 3816547க்கு 547 − 816 + 3 = −266, அது −38 × 7, தேறியது. மேலே எழுதிய வரிசையில் முதல் ஏழு இலக்கத்தை 7ஆல் வகுத்தால் மீதி 6, 2, 5, 2, 4, 5, 6, 0, 2, 6. ஒரே ஒரு பூஜ்யம்.

13 ஜூன்

ஒன்பதாவது இடத்துக்கு நேற்று எந்தச் சோதனையும் வைக்கவில்லையே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தேவையில்லை. 1 முதல் 9 வரை கூட்டினால் 45, எந்த வரிசையில் எழுதினாலும் 45தான், ஆகவே 9ஆல் வகுபடும். ஒன்பதாவது அடி யாருக்கும் இலவசம்.

இந்த ஒன்பது என் தொழிலில் தினமும் கைகொடுக்கிறது. கொழுந்து எடைச் சீட்டுகளைப் பேரேட்டில் ஏற்றும்போது மாலையில் மொத்தம் ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் பார்ப்பது வித்தியாசம் 9ஆல் வகுபடுகிறதா என்று. 63 கிலோ வித்தியாசம் என்றால் பெரும்பாலும் யாரோ 381ஐ 318 என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்தடுத்த இரண்டு இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9இன் மடங்காகத்தான் வரும். பழைய கணக்கப்பிள்ளைகள் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, அதில் ஒன்பது ஒன்பதாகக் கழித்து மிஞ்சுவதை வைத்துக் கூட்டலைச் சரிபார்ப்பார்கள், ஆனால் அந்த முறை இந்த இடமாற்றத்தை மட்டும் பிடிக்காது, ஏனென்றால் இலக்கக் கூட்டுத்தொகை மாறுவதே இல்லை. 381654729ஐ எப்படிக் குலைத்துப் போட்டாலும் 9 வழிவிடுவதும் அதனால்தான். இரண்டும் ஒரே காரணம் என்பதைப் பிள்ளைகளுக்குப் பேரேட்டைத் திறந்து வைத்துக் காட்டினேன். கரும்பலகையில் சொன்னதைவிட அது சட்டென்று பதிந்தது.

14 ஜூன்

இன்னும் ஒன்று. இந்த எண் தனி ஒருவனாக நிற்பதை எல்லோரும் அதிசயம் என்கிறார்கள். எனக்கு அதில் அதிசயம் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. 2, 3, 4, 5, 6, 8, 9 எல்லாம் சேர்ந்து பத்து எண்ணாகக் குறைத்ததில் அதிர்ஷ்டம் ஏதும் இல்லை. அது கட்டாயம், ஒவ்வொரு படிக்கும் காரணம் கையில் இருக்கிறது. 7 மட்டும் வேறு. 7 என்பது 10உடன் எந்த உறவும் இல்லாத எண், கடைசி இலக்கத்தைப் பார்த்தோ இலக்கங்களைக் கூட்டியோ அதைப் பிடிக்க முடியாது. பத்து எண்ணை அதனிடம் அனுப்பினால் ஏழில் ஒன்று தேறும் என்று எதிர்பார்க்கலாம், அதாவது சராசரியாக ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு. மூன்று தேறியிருக்கலாம், ஒன்றுமே தேறாமலும் போயிருக்கலாம். ஒன்று தேறியது. அதிர்ஷ்டம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இந்த ஒரு படியைத்தான் சொல்ல முடியும். பெரியவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ரகசியம் 7இல் இருக்கிறது என்றால் அவர் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

987654321 அந்த 7இல் மட்டும்தான் விழுகிறது என்பதையும் கவனியுங்கள். 9876543ஐ 7ஆல் வகுத்தால் மீதி 5. மற்ற எல்லா அடியும் சரி. எட்டாவது அடியில் 98765432ஐ 8ஆல் வகுத்தால் 12345679 வருகிறது. பலகையில் விடை ஒவ்வோர் இலக்கமாக விழ விழ வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அந்த விடையில் 8 இல்லை என்பதை ஒரு சிறுமிதான் முதலில் பார்த்தாள்.

16 ஜூன்

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் போய் வந்தோம். குன்னூர் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. பஸ்ஸிலேயே விளையாட்டு ஆரம்பித்துவிட்டது: ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் இலக்கம் சேர்க்க வேண்டும், சேர்த்த எண் அந்த வளைவின் எண்ணால் வகுபட வேண்டும். முதல் ஆறு வளைவும் சத்தம் தாங்கவில்லை. ஏழாவது வளைவில் பஸ் திரும்பும்போது ஒருவரும் பேசவில்லை, எல்லோரும் மனக்கணக்கில் இருந்தார்கள். கண்டக்டர் திரும்பிப் பார்த்து "என்னம்மா, வாந்தி வருதா?" என்று கவலையாகக் கேட்டார்.

திரும்பி வந்ததும் 3816547290ஐயே வளைவு வளைவாக நீட்டினோம். 11ஆவது இலக்கம்: 6 போட்டால்தான் 11ஆல் வகுபடும், 38165472906. 12ஆவது: 0 மட்டும்தான் முடியும். 13ஆவது: 381654729060க்குப் பின் 8, ஆக 3816547290608. இதை 1001 முறையில் பாருங்கள்: 608 − 290 + 547 − 816 + 3 = 52, அது 4 × 13. நல்லது. 14ஆவது வளைவில் மாட்டிக்கொண்டது. 38165472906080ஐ 7ஆல் வகுத்தால் மீதி 2, ஆகவே கடைசியில் 5 வந்தால்தான் 7 சம்மதிக்கும். 5 ஒற்றைப்படை, 2 சம்மதிக்காது. 14க்கு இருவர் சம்மதமும் வேண்டும். வழியில்லை.

11, 12, 13 மூன்று இடத்திலும் ஒரே ஒரு தேர்வுதான் இருந்தது, எங்கேயும் கிளை பிரியவில்லை. அதனால் வேறு இலக்கம் போட்டு தப்பித்திருக்கலாமோ என்ற கேள்விக்கே இடமில்லை. இந்த எண்ணின் ஆயுள் 13 இலக்கம்.

16 ஜூன், சற்று நேரம் கழித்து

0ஐ நடுவில் வைத்தால் என்ன என்று ஒருவர். பத்து இலக்கமும் ஒரு தடவை வர வேண்டும் என்றால் முடியாது. பத்தாவது அடியில் 10ஆல் வகுபட வேண்டும், அதற்குக் கடைசியில் 0 வேண்டும், இருப்பது ஒரே 0. அது அங்கேதான் போகும்.

19 ஜூன்

ஒருவர் தன் கைபேசி எண்ணில் முதல் ஆறு இலக்கம் வரை இந்தக் குணம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். (எண்ணைப் பொதுவில் போடாதீர்கள், அழித்துவிடுங்கள்.) பத்தும் தேறுகிற எண் யாருக்காவது இருக்குமா என்று கேட்டிருக்கிறார். கணக்குப் போடலாம்.

எந்த எண்ணை எடுத்தாலும் 2ஆல் வகுபட இரண்டில் ஒரு வாய்ப்பு, 3ஆல் மூன்றில் ஒன்று, இப்படியே 10 வரை. தோராயமாக எல்லாவற்றையும் பெருக்கினால் 1 × 2 × 3 × … × 10 = 36,28,800இல் ஒன்று. நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 7,35,394. கைக்குழந்தை உட்பட ஆளுக்கு ஓர் எண் கொடுத்தாலும், மாவட்டம் முழுவதிலும் ஒருவருக்காவது அப்படி எண் வாய்ப்பதற்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்புதான். உங்கள் எண் 0இல் முடியவில்லை என்றால் இப்போதே விட்டுவிடலாம். ஆறு வரை தேறுவதற்கு 720இல் ஒன்று, அதுவே பெரிய விஷயம்தான்.

20 ஜூன்

மேலே "தோராயமாக" என்று எழுதியதை அப்படியே விட மனம் வரவில்லை. 6ஆல் வகுபடுவதும் 3ஆல் வகுபடுவதும் ஒன்றோடொன்று தொடர்புடையவை, தனித்தனி வாய்ப்பாகப் பெருக்கலாமா என்று ஒரு மாணவி கேட்டாள், நியாயமான கேள்வி. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் பத்து வரி எழுதி எல்லாவற்றையும் எண்ணிவிட்டேன். ஒவ்வொரு நீளத்திலும் இந்தக் குணம் உள்ள எண்கள் எத்தனை என்று:

9, 45, 150, 375, 750, 1200, 1713, 2227, 2492, 2492, 2225, 2041, 1575, 1132, 770, 571, 335, 180, 90, 44, 18, 12, 6, 3, 1.

அப்புறம் ஒன்றுமில்லை. பத்து இலக்கத்தில் 2492. பத்து இலக்க எண்கள் மொத்தம் 900 கோடி, 2492ஆல் வகுத்தால் 36 லட்சத்துக்கு ஒன்று. மாணவியின் சந்தேகம் சரியானதுதான், ஆனால் பெருக்கல் கிட்டத்தட்டச் சரியாகவே வருகிறது. காரணம், ஒவ்வோர் அடியிலும் புதிதாக ஓர் இலக்கம் சேர்கிறது. அந்த இலக்கத்துக்குப் பத்து வாய்ப்பு, தேவைப்படுவது அடி எண்ணின் மடங்கு. முந்தைய அடிகள் என்ன சொன்னாலும், அடுத்த அடிக்கு வர வேண்டிய மீதி ஓரளவு பரவலாகவே விழுகிறது.

இந்த வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருங்கள். 9இலிருந்து 45: இரண்டாவது இடத்துக்கு எப்போதும் ஐந்து இரட்டைப்படை, ஆக சரியாக ஐந்து மடங்கு. 375இலிருந்து 750: ஐந்தாவது இடத்துக்கு 0 அல்லது 5, சரியாக இரண்டு மடங்கு. 2492 இரண்டு தடவை வருவது அச்சுப் பிழை இல்லை, பத்தாவது இடத்துக்கு 0 மட்டுமே, ஒன்பது இலக்கத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வாரிசு. பத்துவரை ஓர் எண்ணுக்குக் குறைந்தது ஒரு வழியாவது எப்போதும் உண்டு, ஏனென்றால் அடுத்தடுத்த பத்து எண்ணில் 10இன் மடங்கு ஒன்று இருந்தே தீரும், 10க்குக் குறைந்தவற்றின் மடங்கும் அப்படியே. 11இலிருந்து அந்த உத்தரவாதம் போய்விடுகிறது. பத்து இலக்கத்தை வைத்துக்கொண்டு 11இன் மடங்கைத் தேடினால் சில நேரம் கைக்கு எட்டாது. அங்கிருந்து வரிசை இறங்க ஆரம்பிக்கிறது.

22 ஜூன்

மொத்தத்தைக் கூட்டினேன்: 20,456. இதற்குத்தான் இந்த வாரம் முழுக்க மனம் கிடந்து துள்ளுகிறது.

தோராயக் கணக்குப்படி ஒவ்வொரு நீளத்துக்கும் எத்தனை வர வேண்டும்? ஒரு இலக்கத்துக்கு 9. ஒவ்வோர் அடியிலும் 10ஆல் பெருக்கி அடி எண்ணால் வகுக்க வேண்டும். பத்து இலக்கத்துக்கு இது 2480 தருகிறது, உண்மை 2492. பதினைந்துக்கு 688, உண்மை 770. இருபதுக்கு 37, உண்மை 44. இந்தத் தோராயங்களை முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் என்ன வரும்? 10ஐ 1ஆல் வகுத்து, 100ஐ 1 × 2ஆல் வகுத்து, 1000ஐ 1 × 2 × 3ஆல் வகுத்துக் கூட்டுகிற அந்தத் தொடர், கல்லூரியில் படித்தவர்களுக்குத் தெரியும், 2.71828 என்ற ஆய்லர் எண்ணைப் பத்துத் தடவை பெருக்கியதில் ஒன்று குறைவாக வரும். அதாவது சுமார் 22,025. நம் வரிசை 10இல் இல்லாமல் 9இல் தொடங்குவதால் அதில் பத்தில் ஒன்பது பங்கு எடுக்க வேண்டும்: 19,823. உண்மை 20,456. கூட்டு வட்டியிலும் சூடு ஆறும் கணக்கிலும் வருகிற அதே 2.718, முழு எண்களை வகுத்து விளையாடும் இந்த மூலையில் வந்து நிற்கிறது. யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தது. இதைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை மறைக்க ஒன்றுமில்லை.

25 ஜூன்

"மனிதனுக்குப் பத்து விரல் இருப்பதால்தானே இந்த எண்? ஆறு விரலாக இருந்தால்?" நல்ல கேள்வி. எத்தனை சேர்ந்தால் அடுத்த இடத்துக்கு ஒன்று ஏறுகிறதோ அதுதான் அடிமானம், நமக்கு அது பத்து. பத்தை அடிமானமாக வைக்காமல் வேறு அடிமானத்தில் எழுதினால் எண் மாறும். ஆறு அடிமானத்தில் 1 முதல் 5 வரை ஒரு தடவை வரும்படி இரண்டு உண்டு: 14325, 54321. முதலாவதை நம் கணக்குக்கு மாற்றினால் அடிகள் 1, 10, 63, 380, 2285 என்று வரும், 2, 3, 4, 5ஆல் வரிசையாக வகுத்துப் பாருங்கள். நான்கு அடிமானத்தில் 123, 321. எட்டில் மூன்று. பத்தில் நம்முடைய ஒன்று. பன்னிரண்டில் ஒன்றுகூட இல்லை, பதினான்கில் ஒன்று.

ஒற்றைப்படை அடிமானத்தில் ஏன் கிடையாது என்பதற்கு இரண்டு வரி போதும். ஏழு அடிமானம் என்று வையுங்கள். 1 முதல் 6 வரை எல்லா இலக்கமும் வந்தால் கூட்டுத்தொகை 21. பத்து அடிமானத்தில் 9க்கு இலக்கக் கூட்டுத்தொகை எப்படியோ, ஏழு அடிமானத்தில் 6க்கு அப்படி. 21, 6ஆல் வகுபடாது. கடைசி அடி எந்த வரிசைக்கும் கிடைக்காது. மற்ற ஒற்றைப்படை அடிமானங்களிலும் இதே கதிதான். பத்தில் இலவசமாகக் கிடைத்த கடைசி அடி அங்கே எல்லோருக்கும் கதவைச் சாத்திவிடுகிறது.

28 ஜூன்

போடுகிறேன் என்று சொன்ன பெரிய எண்:

3608528850368400786036725

25 இலக்கம். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு, இந்த எண் அங்கே 25ஆவது வளைவு வரை வரும், மிச்சம் 11 வளைவுக்கு உலகத்தில் எந்த எண்ணும் துணைக்கு வராது. சரிபார்க்க ஆசைப்படுபவர்களுக்குச் சில இடங்கள். 11ஆவது அடி 36085288503, இதன் இலக்கங்களை ஒவ்வொன்றாக, ஒன்று விட்டு ஒன்று கூட்டிக் கழித்தால் பூஜ்யம். 13ஆவது அடிக்கு 368 − 850 + 528 − 608 + 3 = −559 = −43 × 13. 16ஆவதுக்குக் கடைசி நான்கு இலக்கம் 8400, அது 16 × 525. 17, 19, 23 மூன்றுக்கும் குறுக்கு வழி தேடாதீர்கள், நீள வகுத்தல்தான். 17ஐ நான் போட்டேன், 19ஐ ஒரு பையன், 23ஐ அந்தக் கேள்வி கேட்ட மாணவி. மூன்றும் மீதி பூஜ்யத்தில் முடிந்தன.

29 ஜூன்

24 இலக்கத்தில் மூன்று எண் இருந்தும் 25இல் ஏன் ஒன்று மட்டும் என்று கேட்டவருக்கு: 25ஆல் வகுபட கடைசி இரண்டு இலக்கம் 00, 25, 50, 75இல் ஒன்றாக இருக்க வேண்டும். 24 இலக்க எண் 24ஆல் வகுபட்டது, ஆகவே இரட்டைப்படை, ஆகவே 5இலோ 7இலோ முடியாது. 0 அல்லது 2இல் முடிந்தால் மட்டும் அடுத்த அடி உண்டு. மூன்றில் ஒன்றுதான் அப்படி, 72இல் முடிகிறது, அதற்குப் பின்னால் 5 சேர்ந்தது.

26ஆவது அடியை நேற்று பிள்ளைகளே போட்டுப் பார்த்தார்கள். எண்ணின் பின்னால் ஒரு 0 வைத்து 26ஆல் வகுத்தால் மீதி 12. அந்த 0 இருக்கும் இடத்தில் 14 வைக்க முடிந்தால் 26 சம்மதிக்கும். ஓர் இடத்தில் வைக்க முடிந்த அதிகபட்ச இலக்கம் 9.